முறி யாருக்கு, பாக்கி யாருக்கு?

மலையகத்துக்கு வீடு வேண்டும், பாதை வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். ஆதலால் அரச பெருந்தோட்ட நிறுவனங்கள் முறி வெளியிட்டுக் கடன் திரட்டட்டும் என்று சொல்வோர் நம்மிடையே உளர். யோசனை தவறன்று. ஆயினும் முறி என்பது என்ன, அதைத் தாங்கி நிற்பது எது, இந்த மலைகளில் அது முன்னர் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்காமல் தலையாட்டுவது விவேகமாகாது.

கந்தப்பளையில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர் விதைக்கும் உரத்துக்கும் கடன் கேட்டுப் போனால், கொடுப்பவர் இரண்டில் ஒன்றைப் பார்ப்பார். ஒன்று, விளைச்சல். மற்றொன்று, பின்னால் பிணை நிற்பவர். பொதுக் கூட்டுத்தாபனத்தின் முறிக்கும் இதுவே கணக்கு. அமெரிக்காவின் டெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபைக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொந்தமாக முறி வெளியிட்டு மின் நிலையங்கள் அமைக்கும் உரிமையை அளித்தது. அந்த முறிகளுக்கு அமெரிக்க அரசாங்கம் பிணை நிற்கவில்லை. மின்சாரம் விற்ற வருமானமே பிணை. விளைச்சலை நம்பிய கடன் அது. சொந்த வருமானம் போதாத நிறுவனமோ திறைசேரியின் பெயரைக் காட்டித்தான் கடன் வாங்கும். அது பிணைகாரரை நம்பிய கடன்; அடைக்க வேண்டியவர் முடிவில் வரி செலுத்தும் குடிமகன்.

இனி நம் மலைக்கு வருவோம். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்ச வரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிற்று. காணி இழந்தவருக்கு நட்டஈடு வழங்க வேண்டுமே! அதில் ஒரு பகுதியைக் காணிச் சீர்திருத்த முறிகளாகக் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நிலச்சுவான்தாரின் உரிமை இவ்வாறு அரசின் பெயர் பொறித்த பத்திரமாயிற்று. அதில் நான் குறை காணவில்லை. பிறர் சொத்தை எடுத்தால் விலை கொடுப்பது நீதி.

கையேற்ற தோட்டங்கள் இரு நிறுவனங்களிடம் சென்றன. ஒன்று, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம். மற்றொன்று, 1976இல் அமைந்த, நம் மக்கள் ‘ஜனவசம’ என்றழைக்கும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் 22 கம்பனிகளுக்குக் கைமாறியது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையும் எழுதப்பட்டது. கம்பனிகள் ஏற்காத தோட்டங்கள் சில, பெரும்பாலும் கண்டி, மாத்தளைப் பக்கத்தில், அரச நிறுவனங்களிடமே தங்கின. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவும் அவற்றுள் ஒன்று.

அத்தோட்டங்களில் கொழுந்து கொய்தவர்களின் சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, சேவைக்காலக் கொடுப்பனவு ஆகியவை உரிய காலத்தில் செலுத்தப்படாமல் தேங்கிய செய்தி கணக்காய்விலும், நாடாளுமன்றக் ‘கோப்’ குழுவின் விசாரணைகளிலும் பல ஆண்டுகளாகப் பதிவாகி வந்திருக்கிறது. சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டியது 12 வீதம். தொழிலாளியின் பங்கு 8 வீதம். அந்த 8 வீதம் முதலாளியின் பணமே அன்று. அவளுடைய கூலியிலிருந்து கழித்து எடுத்தது! கழித்ததைக் கட்டாமல் வைத்திருப்பதற்குச் சாதாரண மனிதர் என்ன பெயர் வைப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தனியார் முதலாளி தவறினால் தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்கு இழுக்கிறது. அரசே முதலாளியாகும்போது வழக்குத் தொடுப்பவரும் அரசு, எதிரியும் அரசு.

காணிக்காரருக்கு ஒரு பத்திரம் இருந்தது. காணியைப் பொன்னாக்கியவளுக்கு இருந்தது ஒரு பேரேட்டு வரி.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. கட்டப்பட்ட சேமலாபப் பணத்தின் மிகப் பெரும் பகுதி எங்கே போகிறது? அரசாங்க முறிகளை வாங்கப் போகிறது. ஹட்டனில் பிரட்டுக்குப் போகும் பெண்ணே திறைசேரிக்குக் கடன் கொடுத்தவள்! 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை; ஓய்வுகால நிதிகளின் முறிகளையே மாற்றினார்கள். புதிய முறிக்குத் தொடக்கத்தில் 12 வீதம், பின்பு முதிர்வு வரை 9 வீதம் வட்டி. மறுத்தால் அந்த முறி வருமானத்தின் மீது 14 வீத வரி 30 வீதமாகும் என்ற நிபந்தனையும் இருந்தது. கடன் கொடுத்தவருக்குக் கடனாளி விதித்த நிபந்தனை!

ஆகவே என் கோரிக்கை இது. கம்பனித் தோட்டங்களின் குத்தகைப் பத்திரங்களில் நிலம் கொடுத்தவர்களாக நிற்பவை அதே இரு அரச நிறுவனங்கள்தாம். குத்தகைப் பணம் ஆண்டுதோறும் வருகிறது. விலைவாசிக்கேற்ப உயரும்படியும் அமைக்கப்பட்டிருக்கிறது. டெனசிக்கு மின்சாரம் எப்படியோ, மலையகத்துக்கு இந்த வருமானம் அப்படி. குத்தகை முடியும் வரையுள்ள அவ்வருமானத்தைப் பிணையாக வைத்து முறி ஒன்று வெளியிடுக. அதில் வரும் முதற் பணத்தைக் கொண்டு தேங்கிய பாக்கியனைத்தையும், தாமதத்துக்குரிய மேலதிகக் கட்டணத்தோடு தீர்த்துவிடுக. மிஞ்சியது வீட்டுக்கும் பாதைக்கும் போகட்டும். அந்த முறியைச் சேமலாப நிதியின் தலையில் கட்டாதிருக்கவும் வேண்டும். அவளுடைய பணத்தையே கடன் வாங்கி அவளுடைய பாக்கியைத் தீர்ப்பது கணக்கு வித்தையாகும்.

குத்தகைப் பணத்தை வரவு செலவுத் திட்டத்தில் ஏற்கெனவே வரவு வைத்தாயிற்று என்று திறைசேரி சொல்லும். சொல்லட்டும். தொழிலாளியின் 8 வீதத்தை அரச நிறுவனமே செலவு செய்து தீர்த்த நாளில் இந்தக் கண்டிப்பு எங்கே போயிற்று?

இதற்கு நாடாளுமன்றத்தில் சட்டம் வேண்டும். அது நம் பிரதிநிதிகளின் வேலை. ஆனால் எந்தத் தீர்வு வந்தாலும் பெயர்ப் பட்டியல் இன்றிப் பணம் வராது. தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர், பிறப்புச் சான்றிதழே இல்லை என்ற நிலையில் நம் முதியோர் பலர் இருக்கிறார்கள். படித்துத் தொழில் பார்க்கும் பிள்ளைகள் இந்த மாதமே தாய் தகப்பனின் சம்பளச் சீட்டுகளையும் சேமலாப நிதி இலக்கத்தையும் தேடி எடுக்க வேண்டும். இறந்துபோனவர்களின் வாரிசுகளும் கேட்க உரிமையுடையவர்கள். பெயர் மாறுபாட்டுக்கான சத்தியக் கடதாசியை எழுதித் தர ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சட்டத்தரணிகள் இருக்கிறோம்.