பதக்கத்துக்குப் பின் 2 கோடி, அதற்கு முன்?

2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன் தங்கவேலு. தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. சேலம் பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த அம்மா, ஐந்து வயதில் பேருந்து ஏறி நசுங்கிய கால், வறுமை, தன்னம்பிக்கை, தங்கம் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஊடகங்களுக்கு இதைவிட வசதியான கதை கிடைக்காது. இதில் யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

எனக்கு அந்தக் கதையில் முக்கியமான ஆள் அவருடைய பள்ளியின் பி.டி. வாத்தியார்தான். கால் சரியில்லாத பையனை ஓரமாக உட்கார வைக்காமல் தாண்டச் சொன்னவர் அவர். பின்னால் பயிற்சியாளர் சத்யநாராயணா கண்ணில் பட்டு, பெங்களூருவில் முறையான பயிற்சி கிடைத்தது. டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வெல்லத் தன்னம்பிக்கை மட்டும் போதாது. பயிற்சியாளர் வேண்டும், சாப்பாடு வேண்டும், மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம் வேண்டும். ஒன்றிய அரசின் டாப்ஸ் திட்டம் தேர்வான வீரர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் தருகிறது. ரியோவில் 4 பதக்கம் வாங்கிய இந்தியா பாரிஸில் 29 வாங்கியதில் இப்படிப்பட்ட செலவுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அந்தப் பட்டியலுக்குள் நுழையும்வரை யார் பார்த்துக்கொள்வது?

பாரிஸில் பாட்மின்டன் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசனுக்கு அப்பாதான் முதல் பயிற்சியாளர். கூலி வேலை பார்த்தவர். 2019 வரை எங்கள் செங்கல்பட்டும் சேர்ந்திருந்த காஞ்சிபுரம் மாவட்டத்துக் குடும்பம். அப்படி ஓர் அப்பா வாய்க்காத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

உக்ரைன் பணக்கார நாடு அல்ல. ஆனால் அங்கே மாகாணந்தோறும் ‘இன்வாஸ்போர்ட்’ என்ற மாற்றுத்திறனாளி விளையாட்டு மையங்கள் இருக்கின்றன. ரியோவில் 117 பதக்கங்களுடன் மூன்றாம் இடம் பிடித்தது அந்த நாடு. திறமை தேடி வரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

செய்யூர் தனித் தொகுதி. பட்டியல் சாதி மக்கள் நிறைந்த பகுதி. இந்தப் பக்கத்துக் காலனியில் பிறந்த, காலில் குறைபாடுள்ள ஒரு பெண் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பல கிராமங்களில் மைதானம் ஊர்ப் பக்கம் இருக்கிறது. காலனிப் பையன்களே அங்கே இறங்கி ஆடினால் தகராறு. இவள் எங்கே போவாள்? பள்ளியில் பி.டி. பீரியட் வந்தால் இவளை வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். பைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. நான் படித்த பள்ளியில் அதுதான் வழக்கம். சென்னை நேரு ஸ்டேடியம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தினக்கூலி வீட்டில் யார் வேலையை விட்டுவிட்டு உடன் போவது? மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. அது அவள் காதுக்கு எட்டியிருக்காது.

இன்னொரு தடை, வகைப்பாடு. பாரா விளையாட்டில் யார் யாரோடு மோதலாம் என்பதை உடல் குறைபாட்டின் தன்மையும் அளவும் தீர்மானிக்கின்றன. மாரியப்பன் ரியோவில் தாண்டியது டி42 போட்டியில், பிறகு டி63 போட்டியில். அரசு தரும் 40 சதவீத ஊனச் சான்றிதழ் வேறு, இது வேறு. சான்றிதழ் இருக்கும் எல்லோருக்கும் பாராலிம்பிக்கில் இடமில்லை. காது கேளாதோருக்குத் தனியாக டெஃப்லிம்பிக்ஸ் இருக்கிறது. தனக்கு எந்த வகை, எந்த விளையாட்டு என்று சொல்ல ஆளில்லாமலே பல பிள்ளைகளுக்கு வயது கடந்துவிடுகிறது.

காசில்லை என்று சொல்ல வேண்டாம். ரஷ்யாவிடமிருந்து கைமாறி வந்த செஸ் ஒலிம்பியாடை 2022இல் நான்கே மாதத்தில் மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டிய அரசு இது. நான் கேட்பது அதைவிட மிகச் சின்னது. ஊனச் சான்றிதழ் முகாமுக்கு எப்படியும் டாக்டர் வருகிறார், மேசை போடுகிறார்கள், பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அதே மேசைக்குப் பக்கத்தில் ஒரு பாரா பயிற்சியாளருக்கு நாற்காலி போடுங்கள். அவர் எழுதிக்கொள்ளும் பெயர்களுக்கு பஸ் செலவையும், உடன் வரும் அம்மாவின் ஒருநாள் கூலியையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கொடுக்கட்டும்.