கேட்டுக்குப் பூட்டுப் போட்டால் காடு வளராதுங்க

காடு என்று சொன்னால் டவுன்காரங்களுக்கு யானையும் அருவியும்தான் ஞாபகம் வரும். எங்க காங்கேயம் பக்கம் அப்படி இல்லைங்க. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம். வானத்தைப் பார்த்து விதைத்தால் காடு. அதிலும் ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் நிலம் கொறங்காடு. சுற்றியும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். எல்லாமே பட்டா நிலம். ஆனாலும் கௌதாரி, காடை, முயல், உடும்பு, கீரி, நட்சத்திர ஆமை எல்லாம் தலைமுறை தலைமுறையாக இதில்தான் குடியிருக்கின்றன.

போன பங்குனியில் எங்க கொறங்காடு எரிந்தது.

தீ வந்தது பக்கத்துக் காட்டிலிருந்து. அதை நாலு வருசத்துக்கு முன்னால் நகரத்திலிருந்து ஒருத்தர் வாங்கினார். வாங்கின கையோடு ரோட்டுப் பக்கம் இருந்த கிளுவையைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டு, கேட்டைப் பூட்டினார். ஆடு மாடு உள்ளே போகக் கூடாது. "இயற்கை இயற்கையாவே இருக்கட்டுங்க, நாம கை வைக்க வேண்டாம்" என்று என்னிடமே சொன்னார். நல்ல மனுசன்தான், கெட்ட எண்ணம் கிடையாது.

நாலு வருசம் மேயாத புல் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இடுப்பளவு வளரும். தை பிறந்ததும் காயும். அடுத்த மழைக்கு அதற்கு மேலேயே புதுப் புல் வரும். அடியில் சருகு மெத்தை மாதிரி சேர்ந்துகொண்டே போகும். பங்குனி வெயிலில் யாரோ போட்ட ஒரு பீடித் துண்டு போதும்.

மேய்ந்த காட்டிலும் தீ பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணுக்கால் உயரப் புல்லில் அது தரையோடு ஓடும். நாலு பேர் வேப்பந்தழையை ஒடித்து அடித்தால் அடங்கிவிடும். அன்றைக்கு வந்த தீக்குப் பக்கத்திலேயே போக முடியலைங்க. தீயணைப்பு வண்டி வந்தது, கேட்டில் பூட்டு. உடைத்து உள்ளே போவதற்குள் காற்று திரும்பி எங்க பக்கம் தாண்டிவிட்டது.

மூணு ஏக்கர் காய்ந்த புல் போச்சு. கோடை முழுக்க எங்க மாடுகளுக்கு அதுதான் தீவனம். சித்திரையில் ஒரு மயிலைப் பசுவை விற்றேன். எங்க அப்பாரு காலத்திலிருந்து வந்த வம்சம் அது. மறுநாள் சாம்பலுக்குள் நடந்தபோது ஏழு ஆமை ஓடு எண்ணினேன். பறக்கிறது பறந்துவிடும், வளை இருக்கிறது வளைக்குள் பூந்துகொள்ளும். ஆமை எங்கே ஓடும்?

கை வைக்காமல் விட்டால்தான் இயற்கை என்று உங்களுக்கு யார் சொன்னது? இந்தக் காடு என்றைக்கும் கை வைக்காத காடாக இருந்ததில்லை. எங்க அப்பாரு காட்டை நாலாகப் பிரித்துப் படல் போட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக மேய்ப்பார். மழை பெய்ததும் மாட்டை விடமாட்டார். புல் கதிர் வாங்கி விதை உதிர்ந்த பிறகுதான் படலைத் திறப்பார். தை கடைசியில் வேலியோரம் பத்தடி அகலத்துக்கு உழுது வெறும் மண்ணாக்கிவிடுவார். தீ அங்கே வந்து நின்றுவிடும். அந்தப் பத்தடியை நான் டீசல் காசுக்குப் பார்த்துக்கொண்டு ரெண்டு வருசமாக விட்டுவிட்டேன். என் தப்பும் இதில் இருக்கிறது.

கௌதாரிக்கு ஒளிந்துகொள்ளப் புல் தூறும் வேண்டும், இரை பொறுக்க வெறும் மண்ணும் வேண்டும். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தது மாட்டு வாய்தான். மொட்டையாக மேய்த்தால் ஒளிய இடமில்லை, மேய்க்காமலே விட்டால் நெருப்புக்கு விறகு. நடுவில் நிறுத்துவதற்கு ஆள் வேண்டும், தினமும் வேண்டும்.

எங்க ஊர்க்காரங்களும் யோக்கியம் இல்லை. வரப்பைச் சுத்தம் பண்ண நெருப்பு வைக்கிறோம். எரித்தால் புதுப் புல் நல்லா வரும் என்று கொளுத்துகிறவர்களும் உண்டு. மாடு தின்ன வேண்டியதைக் கொளுத்திவிட்டு, கோடையில் தட்டுக்கு விலை கேட்டு அலைகிறவர்கள் இவர்கள்தான்.

2018 மார்ச்சில் குரங்கணி மலைக்குப் போனவர்கள் 20 பேருக்கு மேல் தீயில் செத்தபோது, காட்டுத்தீயைப் பற்றித் தமிழ்நாடே பேசியது. பட்டா நிலத்தில் ஆமை எரிந்தால் பேப்பரில் ஒரு வரிகூட வராது. பேச வேண்டியது நிலத்தை வைத்திருக்கிற நாம்தான்.

அப்படியென்றால் நிலமே வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமா வாங்குங்க. கிளுவையைப் பிடுங்காதீங்க, கௌதாரிக்கும் ஓணானுக்கும் அதுதான் வீடு. பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவரிடம் மேய்ச்சலுக்குப் பேசுங்க, எத்தனை உருப்படி, எந்த மாதம் என்று கணக்கு வைத்து விடுங்க. தை முடிவதற்குள் வேலியோரம் உழவு ஓட்டுங்க. ஒரு சாவியை ஊரில் யாரிடமாவது கொடுத்து வையுங்க. இத்தனையும் ஒரு வருசத்துக்குச் செய்ய ஆகும் செலவு, அந்தக் கம்பி வேலிக்கு ஆனதில் கால்வாசிகூட வராது.

பக்கத்துக் காட்டுக்காரர் போன மாதம் வந்தார். மனசு கஷ்டப்பட்டு, கேட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். ஆடு மாடு விட மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. இந்த வருச மழைக்கு அங்கே மறுபடியும் புல் இடுப்பளவு நிற்கிறது. எங்க பக்கம் பத்தடி ஓட்டிவிட்டேன். தை பாதி தாண்டியாச்சுங்க.