உப்பளத்தைக் கேடயமாக்குவோர்

இந்திய ஆய்வாளர்கள் வட துருவப் பகுதிக்குச் செல்வதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் இலக்கிய வட்டாரங்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழுகிறது. மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் வேகிறவனுக்கு ஆர்க்டிக்கின் எரிமலைப் பாறையால் என்ன பயன்? ஏழையின் பக்கம் நிற்பதான தோற்றம் அக்கேள்விக்கு இருப்பதால் எதிர்த்துப் பேச எவருக்கும் தயக்கம். நாம் அந்தத் தோற்றத்தைத்தான் மறுக்கிறோம்.

தொலைதூரத்துப் பாறைக்கும் இந்தக் கரைக்கும் தொடர்பில்லை என்று சொல்ல, 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஒருவருக்கும் வாய் வரக்கூடாது. அன்று காலை சுமத்ராவை ஒட்டிக் கடலடிப் பாறை பிளந்தது. மூன்று மணி நேரத்திற்குள் அலை இக்கரைக்கு வந்துவிட்டது. ஆழிப்பேரலை என்ற சொல்லையே பலர் அதன் பிறகுதான் கற்றோம். எச்சரிக்கும் மையம் ஐதராபாத்தில் 2007இல்தான் அமைந்தது. யாரோ எங்கோ பாறையைப் படிப்பது வீண் என்ற மனநிலைக்கு நாம் கொடுத்த விலையில் அந்த மூன்று மணி நேரமும் அடக்கம்.

சரி, ஆர்க்டிக்கில் அப்படி என்னதான் இருக்கிறது? இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. நார்வேக்குரிய ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நி-ஆலசுண்ட் என்னும் சிற்றூர், ஏறத்தாழ 79 பாகை வடக்கு. முதல் இந்தியக் குழு அதற்கு முந்தைய ஆண்டே சென்றுவிட்டது. அதே தீவின் வடக்கே பொக்ஃபியோர்டன் என்னும் கடற்குடாவின் ஓரம் ஸ்வெர்ரஃபியெல்லெட் என்றொரு பழைய எரிமலை நிற்கிறது. சுமார் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அதன் கரிய பசால்ட்டை உடைத்தால் உள்ளே பச்சை நிறத்தில் முட்டை முட்டையாக வேறொரு பாறை இருக்கும். நிலத்தோட்டுக்கும் கீழே, எந்தத் துளைக்கருவியும் இதுவரை எட்டாத கவச அடுக்கிலிருந்து எரிகுழம்பு பெயர்த்துக்கொண்டு வந்த துண்டுகள் அவை. பாதாளத்தைப் பற்றி எத்தனை கவிதைகள் எழுதியிருக்கிறோம்! அதன் ஒரு கைப்பிடி அங்கே திறந்த வெளியில் கிடக்கிறது. செவ்வாய்க் கோளுக்கு அனுப்பும் கருவிகளைக்கூட அங்கே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தார்கள்.

அங்கே ஒரு கோடைக் களப்பணியைத் திட்டமிடுவது சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டுவது போன்றதன்று. அப்பகுதி தேசியப் பூங்கா. ஆளுநர் அலுவலகத்தின் அனுமதியின்றிப் பாறையைத் தட்டிவிட முடியாது. பனி விலகிப் பாறை தெரிவது ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான். சூரியன் மறையாது என்பதால் இரவிலும் வேலை செய்யலாம். ஆனால் மூடுபனி இறங்கினால் படகு வராது. பனிக்கரடிக்காகத் துப்பாக்கியும் அதைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் அது எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்று குறிக்க வேண்டும். குறிக்காமல் பெயர்த்த கல்லால் பல ஆய்வுகளுக்குப் பயனில்லை. இறுதியில் எடை. படகில் எத்தனை கிலோ ஏறும் என்பதை வைத்துத்தான் எத்தனை கேள்விகளுக்கு விடை தேடலாம் என்பது முடிவாகிறது.

இதை மரக்காணத்தில் சொல்லிப் பாருங்கள். நம் விமர்சகரைக் காட்டிலும் உப்பளத்துக்காரர் விரைவாகப் புரிந்துகொள்வார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வரப்பைச் சீர்செய்து, பாத்தியின் தரையை மிதித்து இறுக்கி, உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்துகிறவர் அவர். பாமே அளவில் ஏறத்தாழ 25இல் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். ஆகவே அதற்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். நடுவில் ஒரு கோடைமழை போதும், எல்லாம் கரைந்துபோகும். குறுகிய பருவம், திரும்பி வராத நாள், வானத்தின் தயவு: இரண்டு வேலைகளுக்கும் இலக்கணம் ஒன்றுதான். அவர் கேட்பது கூலியும், மழை மாதங்களுக்கு ஒரு வழியும், கண் கூசும் வெண்மையிலிருந்து கொஞ்சம் பாதுகாப்பும். ஹிமாத்ரியை மூடினால் இவற்றில் எது கிடைக்கும்? அவர் பெயரைச் சொல்லி அறிவைத் தள்ளிவைப்பவர்கள் அவருடைய கூலிக்காக எப்போது எழுதினார்கள் என்றும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

கிழக்குக் கிரீன்லாந்தின் பசால்ட் அடுக்குகள் இன்னொரு செய்தி சொல்கின்றன. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக் பிளந்தபோது குழம்பு பெருக்கெடுத்தது. அதே காலத்தில் உலக வெப்பநிலை ஐந்து பாகைக்கு மேல் உயர்ந்தது. காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி என்ன செய்யும், மீள எத்தனை காலம் ஆகும் என்பதற்குக் கிடைக்கும் பழைய கணக்கேடுகளில் இது முக்கியமானது. கிரீன்லாந்தின் பனி உருகி ஏறும் கடல், கழுவெளியின் ஓரத்தில் முழங்கால் உயர வரப்பைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

நெய்தல் நெய்தல் என்று உருகும் நம்மவர்கள் மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமாக அடையாளம் காட்டிப் பெருமைப்படுவார்கள். நல்லதுதான். அதே மாவட்டத்தில் வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. பௌர்ணமிக்கு வக்கிரகாளியைக் காண வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த மரங்களின் பக்கம் திரும்புகிறார்கள்? லெமூரியா என்ற சொல்லை 1864இல் கொடுத்தவர் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர்; அதைக் குமரிக்கண்டமாக்கி நூறாண்டு பாடினோம். இந்தக் கரை அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்த விளிம்பு என்பதோ பாறை சொன்ன செய்தி. அதைப் பாடுவாரில்லை. வேதகாலத்தாரின் தாயகம் ஆர்க்டிக்கே என்று திலகர் 1903இல் நூல் எழுதினார். கற்பனையில் துருவம் போக நமக்கு ஒருபோதும் பணத்தட்டுப்பாடு இருந்ததில்லை!

ஆய்வாளர்கள் தரப்பையும் விட்டுவைப்பதற்கில்லை. பொதுப்பணத்தில் துருவம் சென்று திரும்புகிறவர்கள் ஆங்கில ஆய்விதழோடு கடமை முடிந்ததாக எண்ணுகிறார்கள். தமிழில் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் பனியில் கொடி பிடித்து நிற்கும் படம். எந்தக் கேள்வியோடு போனார்கள், எந்தக் கல்லை எடுத்தார்கள், எதை எடை கருதி விட்டுவந்தார்கள் என்று எழுதியிருந்தால் இந்த உப்பளக் கேள்விக்கு இவ்வளவு செல்வாக்கு வந்திருக்காது. அடுத்த கோடைக்குச் செல்லும் தமிழர் எவரேனும் இதைப் படித்தால் நமக்கு எழுதட்டும். பத்துப் பக்கமானாலும் வெட்டாமல் வெளியிடுவோம். கொடிப் படம் மட்டும் வேண்டாம்.