‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்பது விடையா?

தில்லியில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் சிறிய அறை என்று வைத்துக்கொள்வோம். மேசையின் ஒருபுறம் குறிப்பேட்டுடன் ஓர் ஆய்வு மாணவர். மறுபுறம், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தாயை மருத்துவமனைக்கு அழைத்து வந்த மகள். அவர் கையிலுள்ள திறன்பேசியில் மருத்துவ ஆய்வுகளைத் தேடுவதற்கான இணையதளம் திறந்திருக்கிறது. இருபது நிமிடங்களில் அவர் நான்கு முறை தவறான பக்கத்துக்குச் சென்று திரும்புகிறார். தேடல் பெட்டியில் எழுதியதை இரண்டு முறை அழிக்கிறார். கேட்கப்பட்ட தகவலைக் கடைசிவரை அவரால் கண்டடைய முடியவில்லை. முடிவில், “இணையதளம் எப்படி இருக்கிறது?” என்று வினவப்படுகிறது. “நன்றாகத்தான் இருக்கிறது சார், எனக்குத்தான் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை” என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுகிறார். அறிக்கையில், ‘பங்கேற்பாளர் நிறைவு தெரிவித்தார்’ என்ற வரி ஏறுகிறது.

காட்சி கற்பனைதான். ஆனால் இந்தியாவில் பயன்பாட்டு எளிமைச் சோதனை நடத்திய எவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. அந்தப் பெண்ணின் விடையில் இரண்டு செய்திகள் உள்ளன: ஒன்று, தளத்துக்குப் பாராட்டு, மற்றொன்று, தன்மீதே சுமத்திக்கொண்ட பழி. இரண்டுமே உண்மையல்ல. உண்மை, அந்த இருபது நிமிடங்களில் அவருடைய விரல் எங்கெங்கே தயங்கியது என்பதில் இருந்தது. அதைக் கண்ட பின்னும் சொல்லை மட்டும் பதிவு செய்துகொண்டது நேர்காணலின் தோல்வி. நலவாழ்வு ஆய்வுக்கான தளம் ஒன்றில் இத்தோல்வி வெறும் வடிவமைப்புக் குறையாக நின்றுவிடுவதில்லை. ஆய்வறத்தின் குறையாகவும் ஆகிறது.

இக்கூற்று மிகையானதா என்பதைச் சோதிக்க, சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 ஜூலை 20 அன்று தொடங்கப்பட்ட இப்பதிவகத்தில், மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாயிற்று. முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும் என்ற நெறி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு ஆய்வாளர்களுக்கு இது பெரும் பேறு. எந்த ஆய்வு எங்கே நடக்கிறது, தொடக்கத்தில் எதை அளப்பதாகச் சொன்னார்கள், பின்னர் எதை வெளியிட்டார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

ஆனால் பதிவகம் ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த பதிவுத் தரவுத் தொகுப்பில், அறிவியல் தலைப்புடன் ‘பொதுத் தலைப்பு’ என்ற தனிப் புலமும் உண்டு. அறிவியல் வினாக்களுக்கான தொடர்பாளருடன் ‘பொதுமக்கள் வினாக்களுக்கான தொடர்பாளர்’ என்ற புலமும் உண்டு. அப்புலங்களைப் பிறர் படிப்பார்கள் என்பது அவற்றின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. நடைமுறையில், பொதுத் தலைப்பும் அறிவியல் தலைப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்த பதிவுகளைக் காண்பது அரிதன்று. புலத்தை நிரப்பியவர் விதியை நிறைவேற்றிவிட்டார். புலம் யாருக்காக உண்டாக்கப்பட்டதோ அவர் வாசலிலேயே நிற்கிறார்.

இங்கே ஒரு முரண் புலப்படுகிறது. பங்கேற்பாளரிடம் பெறும் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில், துறைச்சொல் நெருக்கமின்றி அமைய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் ஐ.சி.எம்.ஆர். அறநெறி வழிகாட்டுதல்களும் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளும் வலியுறுத்துகின்றன. ஒப்புதல் படிவத்தின் மொழியைப் பற்றி அறக்குழுக்கள் மணிக்கணக்கில் விவாதிக்கின்றன. அப்படிவம் கைக்கு வருவதற்கு முன், அந்த ஆய்வைப் பற்றி ஒருவர் தாமாக அறிந்துகொள்ளும் வாயில் எப்படி இருக்கிறது என்று கேட்போர் மிகச் சிலர். கையொப்பமிடும் இடத்தில் புரிதல் கட்டாயம். தேடும் இடத்தில் அது அவரவர் திறமை. இந்த ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் கற்பிப்பது கடினம்.

சரிபார்ப்புப் பட்டியல்கள் இருக்கின்றனவே என்று சிலர் கூறக்கூடும். அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுநெறிகள் 2009இல் வெளிவந்து, 2023இல் மூன்றாம் பதிப்பை எட்டியுள்ளன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு ஊடகத் தகவல்கள் அவர்கள் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. இவை இன்றியமையாதவை. எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிற வேறுபாடு உண்டா, படத்துக்கு மாற்றுரை உண்டா என்பதைப் பட்டியலால் சொல்ல முடியும். ‘ஆட்சேர்ப்பு நிலை’ என்ற சொற்றொடரைக் கண்டதும் அது வேலைவாய்ப்பு அறிவிப்பு என்று நினைத்து ஒருவர் பக்கத்தை மூடிவிடுகிறாரா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அதற்கு ஒருவர் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்த்துக்கொண்டிருப்பது எளிய செயலன்று. பயன்பாட்டு எளிமையை ஐ.எஸ்.ஓ. 9241 தரநிலையின் 11ஆம் பகுதி மூன்று கூறுகளாகப் பகுக்கிறது: குறித்த நோக்கம் நிறைவேறியதா, அதற்குச் செலவான நேரமும் உழைப்பும் எவ்வளவு, பயன்படுத்தியவர் நிறைவடைந்தாரா. இந்தியச் சூழலில் மூன்றாவது கூறே மிகுந்த ஐயத்துக்குரியது. பெங்களூருவில் 450 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் நிக்கோலா டெல் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இதை எண்களாலேயே காட்டியது. ஒன்றுபோலவே இருந்த இரண்டு பொருள்களில், நேர்காணல் செய்பவர் உருவாக்கியது என்று கருதப்பட்டதைப் பங்கேற்பாளர்கள் விரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. நேர்காணல் செய்பவர் மொழிபெயர்ப்பாளருடன் வந்த வெளிநாட்டு ஆய்வாளராக இருந்தபோது அது ஐந்து மடங்காயிற்று. விருந்தோம்பலும் அதிகாரத்தின் முன் காட்டும் பணிவும் தரவுக்குள் புகுந்துவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மருத்துவ நிறுவனத்தின் பெயர்ப் பலகைக்குக் கீழே, வெள்ளை அங்கியின் நிழலில் நடக்கும் நேர்காணலில் இந்தச் சாய்வு குறையும் என்று எதிர்பார்க்க இடமில்லை. பத்துக் கூற்றுகளுக்கு ஐந்து நிலைகளில் விடை பெற்று நூற்றுக்கு மதிப்பிடும் எஸ்.யூ.எஸ். அளவுகோலை மட்டும் நம்பி, ‘எண்பது பெற்றோம்’ என்று மகிழும் அறிக்கைகளை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும்.

ஆகவே கருத்தைக் கேட்பதைவிடச் செயலைக் காண்பதே முதன்மை. “இந்தத் தேடல் வசதி பயனுள்ளதா?” என்ற வினா ‘ஆம்’ என்ற விடையைக் கையோடு அழைத்து வருகிறது. “உங்கள் உறவினர் ஒருவருக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். அவர் ஊருக்கு அருகில் புதிய ஆய்வு ஏதேனும் நடக்கிறதா என்று பாருங்கள்” என்ற பணி அப்படியன்று. பணியை விளக்கும்போது பொத்தானில் உள்ள சொல்லையே பயன்படுத்திவிட்டால், பங்கேற்பாளர் பொருளைத் தேடாமல் எழுத்தைத் தேடுவார். தேடல் பெட்டியில் அவர் முதலில் இடும் சொல்லே அந்த நேர்காணலின் மிகப் பெரிய கொடை. வட இந்திய வீடுகளில் ‘மதுமேஹ்’ என்பது பாடநூலின் சொல். நோயாளி சொல்வது ‘ஷுகர்’. தளத்துக்குத் தெரிந்தது முதற்சொல் மட்டுமானால், மொழிபெயர்ப்பு இருந்தும் பயனில்லை.

அடுத்தது மௌனம். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செயல்படும் முறைக்கு 1980களில் எரிக்ஸனும் சைமனும் கோட்பாட்டு அடித்தளம் இட்டனர். எண்ணத்தை அப்படியே சொல்வது வேறு, அதற்குக் காரணம் கற்பிப்பது வேறு என்பது அவர்கள் தந்த எச்சரிக்கை. நடுவில் “ஏன் அங்கே அழுத்தினீர்கள்?” என்று கேட்டால், அதற்குப் பின் அவர் செய்வதெல்லாம் காரணம் சொல்லத்தக்க செயலாக மாறிவிடும். வினாவை இறுதிக்கு ஒத்திவைப்பதும், அவர் தடுமாறும்போது உதவிக்கு நீளும் கையை மடக்கி வைப்பதும் பயிற்சியால் வருபவை. சோதிக்கப்படுவது தளமே, தாங்கள் அல்ல என்று தொடக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதாது; ஒவ்வொரு தடுமாற்றத்தின்போதும் நேர்காணல் செய்பவரின் முகம் அதை மீண்டும் சொல்ல வேண்டும். குறை கூறத் தயங்கும் இந்தியப் பயனர்களுக்காக, திரைப்படக் கதை போன்ற பரபரப்பான சூழலுக்குள் அவர்களை நிறுத்திப் பணியைச் செய்யச் சொன்ன அபலா லாஹிரி சவானின் ‘பாலிவுட் முறை’ இத்தயக்கத்தை உடைக்க இங்கேயே பிறந்த உத்தி. ஒவ்வொரு தளத்துக்கும் அது பொருந்தாமல் போகலாம். பணிவை இயற்கை என்று ஏற்காமல், தீர்க்க வேண்டிய முறையியல் சிக்கலாகக் கண்டதே அதன் சிறப்பு.

எத்தனை பேர் போதும் என்ற வினாவுக்கு, ‘ஐந்து பேர்’ என்ற விடை வகுப்பறைகளில் மந்திரம்போல் ஓதப்படுகிறது. நீல்சனும் லாண்டாவரும் 1993இல் முன்வைத்த கணக்கு அதன் மூலம்: ஒருவர் சராசரியாக 31 விழுக்காட்டுச் சிக்கல்களை வெளிக்கொணர்ந்தால், ஐவர் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிக்கொணர்வர். கணக்கு சரி. அந்த ஐவரும் ஏறக்குறைய ஒரே வகைப் பயனராக இருக்க வேண்டும் என்பதுதான் மறக்கப்படுகிறது. நலவாழ்வு ஆய்வுத் தளத்துக்கு முதுநிலை மருத்துவ மாணவரும் பயனர், ஆஷா பணியாளரும் பயனர், நோயாளிக்காகத் தேடும் மகனும் பயனர். விடுதி அறைகளிலிருந்து அழைத்து வரப்பட்ட ஐந்து மாணவர்கள் மாணவர்களுக்கு மட்டுமே சான்று. வீட்டில் ஒரே திறன்பேசி இருக்கும்போது, நோயாளி வேறு, தேடுபவர் வேறு என்பதையும் பங்கேற்பாளரைத் தெரிவு செய்யும்போதே கருத வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நுட்பமான பொறுப்பு ஒன்று உண்டு. நோயுற்றோரையோ அவர்தம் உறவினரையோ இத்தகைய நேர்காணலுக்கு அழைக்கும்போது, அவர்கள் தளத்தைச் சோதிக்க மட்டும் வருவதில்லை, நம்பிக்கையோடும் வருகிறார்கள். ஆய்வில் சேர்வதையே சிகிச்சை பெறுவதாகக் கருதும் பிறழ்புரிதலை ஆப்பல்பாமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982லேயே பெயரிட்டுக் காட்டினர். ‘ஆய்வுகளைத் தேடிப் பாருங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த ஆய்வில் தங்களைச் சேர்த்துவிடுவார் என்று எண்ணுவது இயல்பு. எனவே சொந்த நோயைத் தேடச் சொல்லாமல் கற்பனைப் பாத்திரத்தைத் தருவதும், அவருடைய திறன்பேசித் தேடல் வரலாறு பதிவாகாமல் வேறு கருவியைத் தருவதும், இது சேர்க்கைக்கான வழியன்று என்று தெளிவாகச் சொல்வதும், நேர்காணல் முடிந்ததும் அவர் கேட்கும் உண்மையான வினாவுக்கு யாரை அணுகலாம் என்று எழுதித் தருவதும் மரியாதை மட்டுமல்ல, கடமை. இத்திட்டத்தை அறக்குழுவின் பார்வைக்கு அனுப்புவதைத் தொல்லையாகக் கருதுவோர், தாங்கள் எதைக் கையாள்கிறோம் என்பதை இன்னும் உணரவில்லை.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. நோயாளி எப்படியும் மருத்துவரைக் கேட்டே முடிவெடுப்பார், தளத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது ஒன்று. மருத்துவரைச் சார்ந்தே இருக்க வேண்டிய நிலை ஓரளவு அத்தளங்களாலேயே உண்டாகிறது என்பதுதான் இதற்கு விடை. கதவைத் திறக்க முடியாதபடி செய்துவிட்டு, எவரும் வருவதில்லை என்று சொல்வது முறையாகாது. பத்துப் பதினைந்து நேர்காணல்கள் அறிவியலாகா என்பது மற்றொன்று. நாட்டில் எத்தனை விழுக்காட்டினர் தடுமாறுகின்றனர் என்று அளப்பது இந்த நேர்காணலின் வேலையன்று. எங்கே, எதனால் தடுமாறுகின்றனர் என்று காட்டுவதே அதன் வேலை. பாலத்தில் விரிசலைக் கண்டவரிடம் மாதிரியின் அளவைக் கேட்பதில்லை. நேரமும் பணமும் இல்லை என்ற மூன்றாவது வாதமே மெய்யானது. அதற்கு மாற்று, தளம் முழுதும் கட்டி முடிந்தபின் ஒரு பெருஞ்சோதனை என்றில்லாமல், தாளில் வரைந்த மாதிரியிலிருந்தே தொடங்கிச் சிறு சிறு சுற்றுகளாக நடத்துவது. திருத்தச் செலவு அங்கேதான் மிகக் குறைவு.

பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கவை பெரியன அல்ல. பொதுநலவியல், மொழியியல், கணினியியல் துறைகளின் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் பயன்பாட்டு நேர்காணலைக் களப்பணியாக ஏற்று மதிப்பீடு வழங்கலாம். நிதி வழங்கும் அமைப்புகள், ஆய்வுத் தளம் உருவாக்கும் திட்டங்களில் பயனர் சோதனைக்கெனத் தனித் தலைப்பில் தொகை ஒதுக்கச் சொல்லலாம். அறக்குழுக்கள் ஒப்புதல் படிவத்தைப் படிக்கும் அதே அக்கறையோடு, பதிவகத்தில் இடப்போகும் பொதுத் தலைப்பையும் படித்து, ‘இது யாருக்குப் புரியும்?’ என்று ஒருமுறை கேட்கலாம்.

அந்தச் சிறிய அறைக்குத் திரும்பினால், செய்ய வேண்டிய திருத்தம் ஒரே வரிதான். ‘பங்கேற்பாளர் நிறைவு தெரிவித்தார்’ என்பதை அடித்துவிட்டு, ‘நான்கு முறை தவறான பக்கம், இரண்டு முறை அழிப்பு, தகவல் கிடைக்கவில்லை, தன்மீதே பழி ஏற்றார்’ என்று எழுத வேண்டும். அந்த மகளின் தாய்க்கு அதனால் உடனே ஒன்றும் நேர்ந்துவிடாது. அடுத்து அத்தளத்தைத் திறக்கும் இன்னொரு மகள் தன்னைத்தானே நொந்துகொள்ளாமல் எழுந்து போகக்கூடும்.