தீபாவளித் துணியைத் தறியில் போடச் சொல்லுவோம், தோழர்களே!

ஆடி பிறந்துவிட்டது. தள்ளுபடி பேனர்கள் உத்திரமேரூர் வரைக்கும் வந்துவிட்டன. தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாளே நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குடும்பத்தோடு பஸ் ஏறிக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ தி. நகருக்கோ போவோம். அடுக்குமாடித் துணிக்கடையில் ஏறி இறங்கி, கட்டைப்பையோடு கடைசி வண்டியைப் பிடிப்போம். இந்த வருஷம் அதை மாற்றியாக வேண்டும். அதற்கு முடிவெடுக்க வேண்டிய மாதம் இந்த ஆடி. ஐப்பசியில் பேசிப் பயனில்லை.

கைத்தறித் துணி கிடங்கிலிருந்து இறக்கித் தருகிற சரக்கில்லை. நூல் வாங்க வேண்டும், சாயம் போட வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், கஞ்சி போட வேண்டும், தறியில் ஏற்றிப் பிணைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் நெசவு. பண்டிகைக்கு முந்தின வாரம் போய் நின்றால் மிச்சமிருப்பதைத்தான் எடுக்க முடியும். இப்போது கேட்டால் நமக்கென்று நெய்வார்கள்.

ஆளுக்கொரு பக்கம் கடையை மாற்றிக்கொண்டால் எதுவும் நகராது. சேர்ந்து வாங்க வேண்டும். நம் சங்கத்தின் கிளை கிளையாக, மகளிர் குழு குழுவாக, மொத்தமாக, முன்கூட்டியே, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் நேராக வாங்க வேண்டும். இந்த அறைகூவல் அதற்காகத்தான்.

பெருங்கடை மேல் நமக்கென்ன கோபம் என்று சிலர் கேட்கிறார்கள். கடைக்குள் நிற்பது யார் என்று பாருங்கள். நம் கிராமங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் போன பிள்ளைகள். ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்கும் வரை நின்றே தீர வேண்டிய வேலை. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் வந்தபோது ரங்கநாதன் தெருவை அப்படித் தோலுரித்ததற்காகப் பாராட்டினோம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் தி. நகர்த் துணிக்கடை ஒன்றின் தீவிபத்தில் இரண்டு ஊழியர்கள் செத்தார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் வந்தது. நாற்காலி எத்தனை கடைக்கு வந்தது என்பதை அடுத்த முறை போகும்போது உங்கள் கண்ணாலேயே எண்ணிப் பாருங்கள். (அந்தப் பெண்பிள்ளைகளிடம் சிடுசிடுக்காமல் இருப்பதும் நம் இயக்க வேலைதான்.)

கடைக்குப் பின்னால் போனால் நூற்பாலை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் வைத்து, ஏழைப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி நடத்திய உழைப்புக் கொள்ளை அது. ஆலைக்குப் பின்னால் சாயப்பட்டறை. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவு என்ன செய்தது என்பதை அங்கே உள்ள விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றமே திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்ல வேண்டிவந்தது. எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் சவாரில், 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் நசுங்கிச் செத்தார்கள். சுவரில் விரிசல் விட்டதை முந்தின நாளே பார்த்தும், மறுநாள் தொழிலாளர்களை உள்ளே அனுப்பினார்கள்.

இதையெல்லாம் மாற்றியது யார்? மனம் நொந்து கடையை மாற்றிக்கொண்ட வாடிக்கையாளர்கள் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் ஒருத்தி 2021இல் மேற்பார்வையாளனால் கொல்லப்பட்டபோது, தலித் பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் தெருவில் இறங்கியது. உலகத் தொழிலாளர் அமைப்புகளைத் துணைக்கு அழைத்தது. ஆலை முதலாளியையும், துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்ற பெரிய கம்பெனியையும் 2022 ஏப்ரலில் கையெழுத்துப் போட வைத்தது. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க அப்படிக் கிடைத்ததுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். சங்கமாகச் சேர்ந்தவர்கள் பெற்றது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சங்கம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது இந்தப் பாடத்தை நாமும் நேரிலேயே படித்தோம். வேலை வாங்குகிறவனிடம் பேசச் சங்கம் வேண்டும் என்று தெரிந்த நமக்கு, துணி வாங்கப் போகும்போது மட்டும் ஏன் தனியாகப் போகத் தோன்றுகிறது?

கைத்தறியைத் தெருவில் இறங்கித் தாங்கிய வரலாறு இந்த மாவட்டத்து மனிதர் ஒருவருடைய வரலாறும்கூட. நெசவாளர் ஊரான காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்த 1953இல் தன் கட்சிக்காரர்களோடு கைத்தறித் துணியைத் தெருத்தெருவாக விற்றார். அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி, சேலையும் வேட்டியும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று டெல்லியிடம் வாதாடிக்கொண்டிருந்தார். எதிரெதிர் முகாம்தான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றார்கள். அந்த ஒதுக்கீடு சட்டமாக வர 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதலில் 22 ரகங்கள். மில்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மூன்றே வருஷத்தில் அரசாங்கம் பட்டியலை 11 ஆகச் சுருக்கிவிட்டது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு, ஜமக்காளம் ஆகியவற்றில் சட்டம் குறிப்பிடும் ரகங்கள் இன்றைக்கும் அந்தப் பதினொன்றில் உண்டு. ஆனால் கடைத்தெருவில் நீங்கள் தொட்டுப் பார்ப்பதில் பெரும்பகுதி விசைத்தறி. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அதிகாரிகள் கையில். நம் கையில் இருப்பது கேள்வி கேட்பது.

ஒன்றை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். விசைத்தறியில் கூலிக்கு நிற்பவரும் நம் ஆள்தான். அவர் நெய்ததற்கு ‘அசல் கைத்தறி’ என்று ஸ்டாம்ப் அடித்து விற்கிற வியாபாரிதான் இரண்டு பேர் வயிற்றிலும் அடிக்கிறவர். அடையாளம் குழம்பாமல் பேசுங்கள்.

கைத்தறி நெசவாளர் நிலைமையை 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாடு முழுக்க 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களுக்கு மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழ். நம் வீட்டுக்கு வெகு பக்கத்திலேயே பிள்ளையார்பாளையத்திலும் ஐயம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் பட்டு நெய்கிற கைகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் உடுத்துவது பட்டில்லை, சந்தையில் வாங்கின பாலியஸ்டர். நெய்கிறவரே வாங்க முடியாத பொருளை வைத்து ஒரு தொழில் ரொம்ப காலம் நிற்காது.

இப்போது வேலைக்கு வருவோம்.

நம் மாவட்டத்துத் தறிகள் பெரும்பாலும் பட்டுக்கானவை. அன்றாடம் கட்டுகிற பருத்தி வேறு ஊர்களிலிருந்துதான் வர வேண்டும். லுங்கி குடியாத்தத்தில் இருக்கிறது. படுக்கை விரிப்பு சென்னிமலையில், ஜமக்காளம் பவானியில், பருத்திச் சேலை சின்னாளப்பட்டியிலும் பரமக்குடியிலும் இருக்கிறது. இத்தனை ஊர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் அமைப்பு 1935இலிருந்தே நம்மிடம் உண்டு: கோ-ஆப்டெக்ஸ். பெயரைக் கேட்டதும் உதடு பிதுக்குகிறவர்கள் இருக்கிறீர்கள். பழைய ரகம், தூங்குகிற கவுண்டர் என்கிற புகார் நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் அது நெசவாளர் கூட்டுறவு, யாருடைய குடும்பச் சொத்தும் இல்லை. தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி அங்கே வழக்கம். மாதச் சந்தா கட்டினால் கடைசித் தவணையை அவர்களே போடும் சேமிப்புத் திட்டமும் இருக்கிறது. கதர் வேண்டுமென்றால் சர்வோதய சங்கக் கடைகள் உண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும்: அங்கே பாலியஸ்டர் கலந்த துணியும் தொங்கும், கதர்ப் பருத்தியா என்று கேட்டு எடுங்கள். சாயம் முதல் பருத்தி விதை வரை பார்த்துச் செய்கிற துலா, நூற்பு போன்ற சிறு முயற்சிகளும் தமிழ்நாட்டில் முளைத்திருக்கின்றன. மதிக்க வேண்டிய வேலை. அவர்கள் விலை நம்மில் பலருக்கு எட்டாது என்பதையும் மறைக்க வேண்டாம்.

விலைதான் உண்மையான தடை. அதைப் பேசாமல் ‘நல்ல துணி வாங்குங்கள்’ என்று போதிப்பது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு. ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லவில்லை. விலை வித்தியாசம் தாங்கக்கூடிய, நீண்ட நாள் உழைக்கிற சாமான்களில் முதலில் கை வைப்போம்: லுங்கி, துண்டு, வேட்டி, படுக்கை விரிப்பு. பிறகு வீட்டில் கட்டுகிற பருத்திச் சேலை. பிள்ளைகளின் ஜீன்ஸும், ஒரகடம் கம்பெனிக்குப் போட்டுப்போகிற பேண்ட்டும் இந்த வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும்.

கணக்குக்கு ஒரு கிளையில் 40 குடும்பம் என்று வையுங்கள். வீட்டுக்கு இரண்டு லுங்கி, மூன்று துண்டு என்றால் 80 லுங்கி, 120 துண்டு. இப்படிப் பத்துக் கிளை சேர்ந்தால் 800 லுங்கி, 1,200 துண்டு. இந்த எண்ணிக்கையோடு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மேலாளர் முன்னால் உட்கார்ந்தால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். நிறம் கேட்கலாம், நீளம் கேட்கலாம், கடைக்காரர் லாபம் இல்லாத விலை கேட்கலாம். தனியாளாகப் போனால் தள்ளுபடிப் பலகையைத்தான் பார்த்துவிட்டு வர முடியும்.

பணத்துக்கு வழி நம் பெண்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தீபாவளிச் சீட்டு. பட்டாசுக்கும் பலகாரத்துக்கும் கட்டுகிற சீட்டைப்போல் துணிக்கும் வாராவாரம் கட்டுவோம். சீட்டு என்றதும் செய்யாறு, வந்தவாசிப் பக்கம் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினவர்கள் ஞாபகம் வரும். வரட்டும், வர வேண்டியதுதான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டின குடவோலைக் கல்வெட்டைப் பற்றி இந்த ஊரில் பேசாத மேடை கிடையாது. நிலமும் வேதமும் உள்ளவர்களுக்கான சபை அது. அந்தக் குடத்தில் நெசவாளி பெயரோ உழவுக் கூலி பெயரோ விழுந்திருக்காது. ஆனால் அதில் ஒரு விதி நமக்கு வேண்டும்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது, அவனுடைய உறவுக்காரர்களும் வர முடியாது. துணிச்சீட்டு நடத்துகிற குழுவுக்கு இதையே விதியாக வையுங்கள். கணக்கை மாதாமாதம் நம் சங்க அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். 1904இல் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்தில்தான். கூட்டாகப் பணம் சேர்த்துக் கணக்கு வைப்பதை யாரும் நமக்கு வெளியூரிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

இன்னொரு ஆளை மறந்துவிடக்கூடாது. நம் தெருத் தையல்காரர். பாவாடை, பிளவுஸ், நைட்டி, சின்னப் பிள்ளை கவுன், பள்ளிக்கூட டிரவுசர், எல்லாவற்றுக்கும் அவரிடம் அளவு நோட்டு இருந்த காலம் போய், இப்போது பேண்ட்டுக்குக் கால் மடித்துத் தைப்பதும் ஜிப் மாற்றுவதுமாக நாளை ஓட்டுகிறார். ரெடிமேட் சட்டை தையல் கூலியைவிட மலிவாக வருகிறதென்றால், அந்த மலிவுக்கு எங்கோ ஒரு தையல் மிஷின் முன்னால் ஒரு பெண் கூடுதல் நேரம் உட்கார்ந்திருக்கிறாள். மொத்தமாக மீட்டர் துணி எடுப்போம். பள்ளிச் சீருடை தைக்கிற மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்களுக்கும், தெருத் தையல்காரருக்கும் பிரித்துக் கொடுப்போம். ஐப்பசி வந்தால் அவர்களுக்கும் கை ஓயாது, ஆகவே துணி புரட்டாசிக்குள் அவர்கள் மேசைக்குப் போயாக வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்கள் புனிதமானவை என்று நான் சொல்லவில்லை. கூலி பாக்கி வைக்கிற சங்கம் உண்டு. தறியே இல்லாதவர் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிற சங்கமும் உண்டு. விசைத்தறித் துணியை வாங்கிக் கணக்குக் காட்டுகிற இடமும் இருக்கும். வாங்கப் போகிற தோழர்கள் கைத்தறி முத்திரையையும் சங்க ரசீதையும் பார்ப்பதோடு நிற்காமல், இந்த ரகம் நெய்தவருக்கு என்ன கூலி, பாக்கி உண்டா என்று கேளுங்கள். முடிந்தால் தறிமேடைக்கே போய் நெய்தவரிடம் கேளுங்கள். மொத்தமாக வாங்குகிறவன் கேள்விக்குத்தான் பதில் வரும்.

நாள் குறித்தாகிவிட்டது. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் சுதேசிப் போராட்டம் அறிவிக்கப்பட்டது. அதே தேதியை 2015இலிருந்து தேசியக் கைத்தறி நாளாக அரசு கொண்டாடுகிறது. விழாவை அவர்கள் நடத்தட்டும். நாம் அன்றைக்குள் பட்டியலை முடிப்போம். ஒவ்வொரு கிளையும் தன் கூட்டத்தில் இரண்டு பேரைப் பொறுப்பாக்க வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். வீடு வீடாகப் போய் ரகம், எண்ணிக்கை, நிறம், கட்டக்கூடிய வாரத் தொகை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வாங்குங்கள். மானாம்பதி, சாலவாக்கம், திருப்புலிவனம் பக்கத்துக் கிளைகளுக்கு ஆள் குறைவு. பெரிய கிளைக்காரர்கள் இந்த வாரமே சைக்கிளோ வண்டியோ எடுத்துக்கொண்டு அங்கே போய் உதவுங்கள். ஆகஸ்ட் 7 மாலைக்குள் எல்லாப் பட்டியலும் நம் சங்க அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும், தோழர்களே.