சீட்டு இல்லாத கூலியும் சம்பளம்தான்

"சம்பளச் சீட்டு இல்லாதவன் நஷ்டஈடு கேட்க முடியாது." கட்டட வேலை, விசைத்தறி, செங்கல் சூளை, லோடு ஏற்றும் வேலை என்று கூலியைக் கையில் வாங்கும் இடங்களில் எல்லாம் இந்தப் பேச்சு சட்டம்போல உலவுகிறது. மேஸ்திரி சொல்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வரும் சொந்தக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். இது உண்மையல்ல. இதை நம்பிக் கை கால் இழந்தவர்கள் பத்தாயிரம், இருபதாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சம்பளச் சீட்டு என்ற பேச்சே அங்கு இல்லை. எவ்வளவு சம்பாதித்தார் என்பது மட்டுமே கேள்வி. அதே முதலாளியிடம் விபத்துக்கு முன் 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், மொத்தக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு மாதச் சம்பளம். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையா? அதே இடத்தில் அதே வேலை செய்பவருக்கு என்ன கூலி என்று பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அந்த வட்டாரத்தில் அதே வேலைக்கு என்ன கூலி என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் சேராதவருக்கு, கடைசியாகத் தொடர்ந்து வேலை செய்த காலத்தின் மொத்தக் கூலியை 30ஆல் பெருக்கி, அந்தக் காலத்தின் நாட்களால் வகுக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த மூன்று வழிகள் தொடர்கின்றன.

"தினக்கூலிக்கு ஏது மாதச் சம்பளம்?" என்று கேட்பவர்களுக்கும் இந்த மூன்றாவது வழியே பதில். சென்ட்ரிங் வேலைக்கு வந்த ஒருவர் 60 நாளில் 48 நாள் வேலை பார்த்தார், நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 38,400. கணக்குப்படி மாதச் சம்பளம் 19,200 ரூபாய்.

இந்த எண் எவ்வளவு முக்கியம் என்பது பலருக்குத் தெரியவில்லை. அந்த சென்ட்ரிங் தொழிலாளிக்கு வயது 40, ரம்பத்தில் கட்டைவிரல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் அட்டவணை இதற்கு 30 சதவீத உழைப்புத்திறன் இழப்பு என்கிறது. 40 வயதுக்கான பெருக்கு எண் 184.17. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அந்த எண்ணால் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுக்க வேண்டும். 2020 ஜனவரி 3 முதல் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி அவருக்கு 4,97,259 ரூபாய் சேர வேண்டும். முதலாளி தரப்பு "எட்டாயிரம்தான் கொடுத்தோம்" என்று சொல்லி அது நின்றுவிட்டால் 2,65,205 ரூபாய். விரல் ஒன்றே, வயதும் ஒன்றே. கூலியை நிறுவாததால் மட்டும் 2,32,000 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது.

அந்த உச்சவரம்பைக் கவனியுங்கள். மாதம் 26 நாள் வேலை உண்டு என்றால், நாள் கூலி 577 ரூபாய் என்று காட்டினாலே 15,000 வந்துவிடும். எண்ணூறா, தொள்ளாயிரமா என்று மல்லுக்கட்டத் தேவையில்லை. அதிகமாகச் சொன்னால் அதிகம் கிடைக்கும் என்று ஆயிரத்து ஐந்நூறு என எழுதித் தருவதும் வேண்டாம். குறுக்கு விசாரணையில் அது உடைந்தால் உண்மையான கூலியும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

"சரி, ஆதாரம் எங்கே?" இதுவே அடுத்த கேள்வி. இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் முன் தொழிலாளி சத்தியம் செய்து சொல்வதே சாட்சியம். மேஸ்திரி ஜிபேயில் போட்ட வாரக்கூலி, சனிக்கிழமைக் கணக்கு எழுதிய நோட்டு, "நாளைக்கு சைட்டுக்கு வா" என்ற வாட்ஸ்அப் செய்தி, கூட வேலை பார்த்த கொத்தனாரின் வாக்குமூலம், அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில் (ஏ.ஆர். காப்பி) "வேலை செய்யும்போது அடிபட்டது" என்று எழுதிய வரி, எல்லாமே ஆதாரம். வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் வைத்திருக்க வேண்டியவர் முதலாளி. அவற்றைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட ஆணையருக்கு அதிகாரம் உண்டு. வைத்திருந்தும் காட்டாவிட்டால், அது அவருக்கு எதிரானது என்று அனுமானிக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. எனவே உங்கள் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, "பதிவேட்டைக் கேட்டு மனு போட்டீர்களா?" என்பதுதான்.

வாரக் கடைசியில் கைக்கு வந்த தொகையைக் கூலியாகக் காட்டும் தந்திரமும் நடக்கிறது. முன்பணம் பிடித்தது போக 3,000 வாங்கியவரின் கூலி 3,000 அல்ல. பிடிப்பதற்கு முன் உள்ள தொகையே கூலி. 1923 சட்டத்தில் பணமாக மதிப்பிடக்கூடிய சலுகைகளும் சம்பளத்தில் சேர்ந்தன, பயணப்படி சேரவில்லை.

"கூலி கொடுத்தது மேஸ்திரி, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை" என்பதும் நிற்காது. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தத்தில் விட்ட நிறுவனத்தைச் சட்டம் பொறுப்பாக்குகிறது (1923 சட்டத்தில் 12ஆவது பிரிவு). உரிமையை விட்டுக்கொடுத்ததாக வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து சட்டப்படி செல்லாது (1923 சட்டத்தில் 17ஆவது பிரிவு).

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தத் துண்டுக் காகிதமும் இல்லாமல், சாட்சிக்கும் ஆள் இல்லாமல் போனால், அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியை அளவாக வைத்து முடிப்பது உண்டு. சாட்சி சொல்ல வருபவரும் நாளைக்கு அதே மேஸ்திரியிடம்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் பயப்படுகிறார். இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் ஆள் சாட்சியை மட்டும் நம்பியிராமல் கைப்பேசியில் உள்ளதைக் காப்பாற்ற வேண்டும் என்கிறேன். இன்னொன்று: இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவானவர்கள் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ. வழியாகவே பெற வேண்டும்.

விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தொழிலாளர் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் அலுவலகத்திலேயே கொடுக்கலாம். அடிபட்டவர் கட்டிலில் இருக்கும்போதே வீட்டில் யாராவது ஒருவர் அவருடைய போனை எடுத்து, பணம் வந்த பதிவுகளையும் செய்திகளையும் படம் பிடித்து இன்னொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். யார் யார் கூட வேலை பார்த்தார்கள், என்ன கூலி, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். அதன்பிறகு மேஸ்திரியிடம் பேசுங்கள்.