படகுக்கும் இடிதாங்கி வேண்டும்

இடி விழுந்தால் தனித்து ஓங்கி நிற்கும் தென்னைக்கே ஆபத்து அதிகம் என்பதை ஜீயபுரத்துக் குடியானவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. அவ்வூரைத் தொட்டுச் செல்லும் காவிரி போய்க் கலக்கும் கடலிலோ தென்னை ஏது? அங்கே நீர்ப்பரப்பின்மேல் ஓங்கி நிற்பது மீனவனுடைய படகு ஒன்றே. 2022-ம் வருஷத்தில் நமது தேசத்தில் மின்னலுக்கு இரையானவர்கள் 2,887 பேர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்லுகிறது. இது அலட்சியம் செய்யத்தக்க விஷயமன்று.

இஸ்ரோ ஸ்தாபனத்தார் உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2024 ஆகஸ்டில் தொடங்கினர். புயல் எச்சரிக்கை படகுக்குச் செல்லவும், ஆபத்துச் செய்தி கரைக்கு வரவும் வழி செய்யும் இத்திட்டத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அக்கருவியும் மின்சாரத்தால் இயங்குவதே. அருகில் மின்னல் விழுந்தாலும் அது பழுதாகக்கூடும். இடிமழை வருமுன் கம்பிகளைக் கழற்றிவிடலாம் என்பர் சிலர். கழற்றினால் கருவி பிழைக்கும். உதவி கோரும் வாய் அடைபடும். உயிரைக் காக்க வந்த கருவியைக் காக்க உயிரைப் பணயம் வைப்பது என்ன நியாயம்?

பரிகாரம் புதிதன்று. ஸ்நோ ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் பாய்மரத்தில் செப்புத் தகடுகளைப் பதித்துக் கடல்நீர் வரையில் கொண்டுசென்றார். 1831-ல் டார்வின் ஏறிச் சென்ற பீகிள் கப்பலில் அவ்வேற்பாடு இருந்தது. அப்படியிருந்தும் பிரிட்டிஷ் கடற்படையார் அதை எல்லாக் கப்பல்களுக்கும் ஏற்கப் பத்தாண்டுகளுக்கு மேல் தயங்கினர். அத்தயக்கம் நமக்கு வேண்டாம்.

பைபர் படகின் உடல் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மின்னல் தானே வழி தேடி, ஆளையும் கருவியையும் அடித்துப் படகையும் துளைத்துச் செல்லும். உச்சியில் ஓர் உலோகக் கம்பி, அதிலிருந்து வளைவின்றி இறங்கும் தடித்த செப்புக் கம்பி, அடியில் எந்நேரமும் நீரில் மூழ்கியிருக்கும் ஒரு சதுர அடிச் செப்புத் தகடு: உப்புக் கடலில் மின்னலுக்கு வழிவிடத் தேவையானவை இவையே. காவிரி போன்ற நன்னீரில் மின்சாரம் எளிதில் பரவாதாகையால் அங்கே இத்தகடு போதாது. கருவியின் மின்கம்பிகளுக்குத் தனிப் பாதுகாப்பும், மூடியுள்ள உலோகப் பெட்டியில் ஒரு கைரேடியோவும் சேர்ந்தால், ஒன்று கெட்டாலும் மற்றொன்று பேசும்.

எந்த ஏற்பாடும் பூரண அபயம் அளிக்காது. மின்னலுக்குப்பின் 30 விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டதென்று அறிந்து கரை சேருவதே விவேகம். கரை எட்டாத் தொலைவில் உள்ளவனுக்குச் செப்புக் கம்பியே துணை.

டிரான்ஸ்பாண்டரை இனாமாக வழங்கும் சர்க்கார் இடிதாங்கியையும் உடன் வழங்குக. கடலோரத் தேசத் தொண்டர்கள் இதைத் தங்கள் முதற் கோரிக்கையாக்குக.